இன்ஹெனியேரோ செம்பராயர்

பலகையை எங்கே பிடிப்பது என்பதில்தான் தென்னவனின் மனம் முதலில் சிக்கிக்கொண்டது. தலைக்கு மேல் தூக்கினால் கண்ணாடிக் கதவைத் தாண்டி வருகிறவனுக்குச் சட்டென்று தெரியும். ஆனால் சட்டைப்பைக்கு மேலே தைத்திருக்கிற பெயரும் சேர்ந்தே தெரியும். நெஞ்சோடு அணைத்துப் பிடித்தால் பெயர் மறைந்துவிடும், ஆனால் செத்தவர் படத்தை ஏந்திக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். அப்படித்தான் நின்றான். அட்டைப்பெட்டி ஒன்றின் பக்கத்தை வெட்டி, லெனின் என்று ஆங்கிலத்தில் கறுப்பு மையால் அவனே எழுதிய பலகை. எழுத்து ஒன்றுகூடக் கோணவில்லை. அதுவே அவனுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. பெயரில் சர்வதேச விமான நிலையம்தான், ஆனால் உள்ளே மொத்தமும் ஒரே கூடம். ஒரு காப்பிக் கடை, இரண்டு டாக்சி மேசை, ஒரு கண்ணாடிக் கதவு. மெக்ஸிகோவின் தலைநகரத்திலிருந்து மூன்று மணி நேரம் தள்ளி, கள்ளிக்காட்டுக்கு நடுவே, சுற்றியுள்ள தொழில் நகரத்துக்கென்று கட்டியது. ஹூஸ்டன் விமானம் இறங்கி வெகுநேரம் ஆகிவிட்டது. கதவு திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. திறக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து குளிர்காற்றும் பினாயில் வாடையும் வந்து முகத்தில் மோதியது. ஒவ்வொரு தடவையும் அவன் பலகையை இறுக்கிப் பிடித்தான், வந்தது வேறு ஆள் என்று தெரிந்ததும் பிடி தளர்ந்தது. தளர்ந்த பிறகுதான் கவனித்தான், அது ஏமாற்றம் இல்லை, நிம்மதி. வேறு சட்டை காரில் இருந்தது. காரை நிறுத்திவிட்டு அதைத் தொட்டும் பார்த்தான். மாற்றவில்லை. மாற்றி என்ன ஆகப்போகிறது, திங்கட்கிழமை ஆலைக்குள் நுழைந்ததும் வாசல் காவல்காரனிலிருந்து கழிவறை கழுவுகிற அம்மாள் வரை அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடப் போகிறார்கள். "யாருக்குக் காத்திருக்கே, தம்பி?" பக்கத்தில் நின்ற அம்மாள் கேட்டாள். கையில் ஒரு கொத்து பலூன். வாஷிங்டன் பக்கம் ஆப்பிள் பறிக்கப் போன மகன் ஒன்பது வருஷம் கழித்து வருகிறானாம், அவனை வரவேற்க அக்கார்டியன்காரன் ஒருவனையும் வாடகைக்குப் பிடித்து வந்திருந்தாள். "தெரிந்தவர் ஒருத்தர்" என்றான் ஸ்பானிஷில். "உன் தம்பியா?" "இல்லை" என்றான். அவள் கேட்டு முடிக்கும் முன்பே சொல்லிவிட்டதைப் போல இருந்தது.

தம்பிதான். கூடப் பிறக்கவில்லை, அவ்வளவுதான். ஒரே தெரு, எதிரெதிர் வாசல். ஆனால் மனம் தம்பியில் நிற்காமல் சட்டைப் பெயருக்கே திரும்பி வந்தது. நீல நூலில், கொஞ்சம் சாய்ந்த எழுத்தில், இன்ஹெனியேரோ செம்பராயர். இன்ஹெனியேரோ என்றால் இன்ஜினியர். இந்த ஊரில் பெயருக்கு முன்னால் போட்டுத்தான் கூப்பிடுவார்கள், வாத்தியார் என்பதைப் போல. அதுவரைக்கும் உண்மைதான், அவன் இன்ஜினியர்தான், தெருவிலேயே முதல் ஆள். அடுத்த சொல்தான். ஒரகடத்து ஆலையிலிருந்து இங்குள்ள ஆலைக்கு வந்த முதல் நாள், பெயர் பதிகிற இட்செல் என்ற பெண் கேட்டாள்: "குடும்பப் பெயர்?" பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலி, தென்னவன் மட்டும்தான். "அப்பா பெயர் போடலாமா?" என்றான். அவள் தலையை ஆட்டினாள். "அப்பாவோட சொந்தப் பெயர் இல்லை. உங்க தாத்தாவுக்கும் இருந்திருக்கும் பாருங்க, அவங்க தாத்தாவுக்கும். மாறாம வர்ற பெயர்." இட்செல் நல்ல பெண். காலியாக விட்டால் கணினி ஏற்காது என்று சிரித்தபடி காத்திருந்தாள். அவன் உண்மையாகவே யோசித்தான். அவன் அப்பா பக்கிரி. பக்கிரியின் அப்பா சாம்பான் என்று கேள்வி. அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. அவர்களுடைய தெற்குத் தெருவில் ஒரு ஆள் செத்தால் பெயரும் கூடவே போய்விடும். ஊரில் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு மாறாமல் வருகிற பெயர் என்று அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பெரிய வீட்டு வாசல் வளைவில் சிமெண்டில் எழுதியிருக்கும். பள்ளிக்கூடச் சுவரில், கோயில் விளக்கில், வாய்க்கால் மதகில் இருக்கும். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் அதுதான் என்கிற மாதிரி வாய் சொல்லிவிட்டது. செம்பராயர். இட்செல் எழுதிக்கொண்டே சொன்னாள், "ராஜா பெயர் மாதிரி இருக்கு." அப்போதே திருத்தியிருக்கலாம். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. மறுவாரம் இட்செலின் சித்தி சட்டைகளில் அந்தப் பெயரைத் தைத்துக் கொடுத்துவிட்டாள். முதல் நாள் போட்டுக்கொண்டு கழிவறைக் கண்ணாடியில் பார்த்தபோது சிரிப்பு வந்தது. யாருக்கும் புரியாத நகைச்சுவை; உலகத்தின் இந்தக் கோடியில் செம்பராயர் இரும்புத் தூசியோடு நின்று பல்லிடுக்கைக் குடைகிறார். அப்படித்தான் ஆரம்பித்தது, நகைச்சுவையாக. பிறகு ஒரு நாள் அறுபது வயதுத் தொழிலாளி ஒருவரை அவன் கைதட்டிக் கூப்பிட்டபோது அவர் திரும்பி, "மாந்தே?" என்றார். ஏவுங்கள் என்று அர்த்தம். இங்கே எல்லோரும் எல்லோரிடமும் சொல்வதுதான், மகன் அம்மாவிடம் சொல்வான், முதலாளி கடைக்காரனிடம் சொல்வான், வெறும் மரியாதை. அது அவனுக்குத் தெரியும். ஆனால் "ஏவுங்கள், செம்பராயர்" என்று வயதான ஒரு வாய் சொல்லிக் கேட்டபோது முதுகுத்தண்டில் ஏதோ நிமிர்ந்தது. கூசித்தான் இருக்க வேண்டும். நிமிர்ந்தது. அதன் பிறகு அந்தக் கிழவரை அவன் தேவையில்லாமல் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறான்.

அதோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, என்று அவன் தனக்குள் பலமுறை வாதாடியிருக்கிறான். வாதத்தின் இந்த இடத்தில்தான் ரகுபதி சார் வந்து நிற்பார். போன வருஷம் ஆலைத் தலைவராக வந்த தமிழர். வந்த அன்றைக்கே சட்டையைப் படித்துவிட்டுத் தோளில் கை போட்டார். "எந்தச் செம்பராயர்? ஆத்துக்கு வடக்கயா தெற்கயா?" "தெற்க சார்." "அட, நம்ம பக்கம்ப்பா! ஏன் இத்தனை நாள் சொல்லல? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்துரு. மீராவுக்கு நம்மாளுக்குச் சமைச்சுப் போட்டாத்தான் வெளிநாட்டுல இருக்குற துக்கம் ஆறும்." அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும். பள்ளி, கல்லூரி, ஒரகடம் என்று எந்த இடத்திலும், ஊருக்கு அடுத்து எந்தத் தெரு என்கிற இரண்டாவது கேள்விக்குப் பதில் சொன்னதும் எதிராளியின் முகத்தில் நடக்கிற அந்தச் சின்ன மாற்றம், கதவு சத்தமில்லாமல் ஒரு விரற்கடை சாத்திக்கொள்வது, அவர் வீட்டில் நடக்கவில்லை. கதவு அகலத் திறந்தது. அடுக்களைவரை திறந்தது. மீரா அக்கா அவன் தட்டிலிருந்தே ஒரு அப்பளத்தை உடைத்துத் தின்றாள். அந்த நொறுங்கல் சத்தத்தை அவன் அன்று படுக்கையில் திரும்பத் திரும்பக் கேட்டான். இப்படித்தான் இருக்குமா இவர்களுக்கு, பிறந்ததிலிருந்து, எப்போதும்? போன ஞாயிறு அவர்தான் சொன்னார், "புது லைனுக்கு ஒரகடத்துலேந்து ஒரு பையன அனுப்புறானுங்க. பேரு என்னா தெரியுமா? லெனின்!" மீரா அக்கா சிரித்தாள். "நம்ம பக்கத்துல லெனின்னு பேரு வச்சா எந்தத் தெருன்னு கேக்கவே வேணாம்" என்றார் சார், குழம்பைப் பிசைந்தபடி, எந்த விரோதமும் இல்லாமல், வானிலை சொல்கிற குரலில். "வேலைக்காரன் நல்ல வேலைக்காரன்னுதான் சொல்றானுங்க. வரட்டும். சாப்பாடு ஆலைலயே ஏற்பாடு பண்ணிருவோம், என்ன செம்பராயர்?" தென்னவன் சிரித்தான். தேவைக்கு மேல் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான். சோறு தொண்டையில் மாட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தான். மாட்டவில்லை, சுலபமாக இறங்கியது, மறு சோறும் வாங்கிக்கொண்டான். அன்றைக்கே அவனுக்குத் தெரிந்துவிட்டது, லெனின் வந்து இறங்கிவிட்டால் அந்த வீட்டில் தன் சாப்பாடு அதோடு முடிந்தது என்று. லெனினுக்கு ஒளிக்கத் தெரியாது. வாசலில் சட்டையைப் படித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான், ஆலை முழுக்கக் கேட்கும், "அண்ணே, என்னாண்ணே இது, யாரு வீட்டுப் பேரண்ணே மாட்டிக்கிட்டுத் திரியிறிய!" என்பான். திட்டக்கூட மாட்டான். சிரிப்பான். ரகுபதி சார் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வையைத்தான் தென்னவனால் கடக்க முடியவில்லை. மனம் அங்கே போய் முட்டி, திரும்பி வந்து, மறுபடியும் அங்கேயே போய் முட்டியது.

இடது பையில் இருந்த போன் அதிர்ந்தது. இடது பையில் சொந்தப் போன், இந்திய எண், அதில் அவன் தென்னவன். வலது பையில் ஆலை கொடுத்த போன், அதில் செம்பராயர். லெனினிடம் இருப்பது இடது எண். வலது எண்ணை இட்செல்தான் அவனுக்கு அனுப்பியிருந்தாள்: விமான நிலையத்தில் உங்களை அழைத்துப்போக இன்ஹெனியேரோ செம்பராயர் வருவார், அவசரமென்றால் இந்த எண். இரண்டும் ஒரே ஆளுடைய பை என்று லெனினுக்குத் தெரியாது. காலையில் ஹூஸ்டனிலிருந்து குரல் செய்தி போட்டிருந்தான். "அண்ணே, ஒரு கூத்து கேளுங்க. என்னையக் கூப்புட வர்றவரு பேரு செம்பராயராம்ணே! நம்மூரு பெரிய வூட்டுக்காரனுங்க அங்கயும் வந்துட்டானுங்களா? காரு கதவ எனக்குத் தொறந்து வுடுவாராண்ணே? நான் பின்னாடி உக்காந்துக்கிட்டு, வண்டிய மெதுவா ஓட்டுடா செம்பராயான்னு சொல்லப் போறேன் பாருங்க." பிறகு அந்தச் சிரிப்பு, மூக்கால் இழுத்து முடிகிற சிரிப்பு. தென்னவன் அதை மூன்று தடவை கேட்டான், பதில் போடவில்லை. இப்போது வந்தது அழைப்பு. எடுக்காமல் பையின் துணியோடு சேர்த்து அமுக்கிப் பிடித்தான், கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி. தொடையில் துடித்துத் துடித்து நின்றது. உடனே செய்தி: "அண்ணே ஒரு ரூம்ல உக்கார வச்சிட்டாங்க. என்னமோ கேக்குறாங்க. எடுங்கண்ணே." அப்படியென்றால் உள்ளே பிடித்து வைத்திருக்கிறார்கள். தென்னவனுக்கு முதலில் வந்தது திடுக்கிடல். அதன் வால் போலவே, ஒட்டிக்கொண்டு, வேறொன்றும் வந்தது. அதற்குப் பெயர் வைக்க அவன் அவசரப்படவில்லை. இங்கிருந்து வடக்கே எல்லை தாண்டுகிறவர்கள் பெருகிவிட்டதால் நம் பக்கத்துப் பையன்களை நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள், கூப்பிட்ட ஆள் போனில் உறுதி சொன்னால் விட்டுவிடுவார்கள், சொல்லாவிட்டால் வந்த விமானத்திலேயே திருப்பி ஏற்றிவிடுவார்கள், என்று இட்செலே சொல்லியிருந்தாள். போனை அணைக்காம வச்சிருங்க, இன்ஹெனியேரோ. தென்னவன் வந்தபோது இதெல்லாம் இல்லை. அப்போது வாசலில் ஒரு கம்பத்தில் பொத்தான் இருந்தது. ஒவ்வொரு பயணியும் அழுத்த வேண்டும், சிவப்பு வந்தால் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள், பச்சை வந்தால் போகலாம். அவனுக்குப் பச்சை வந்தது. யார் மகன், எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், எதுவும் கேட்காத ஒரு விளக்கு. அழுதுவிடுவான் போல இருந்தது அன்றைக்கு.

அக்கார்டியன் பெரிதாக வெடித்தது. பலூன் அம்மாளின் மகன் வந்துவிட்டான். தடித்த, வழுக்கை விழுந்த ஆள். அவள் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து அறைகிற மாதிரி தட்டினாள், தட்டிவிட்டு முத்தமிட்டாள். அறை என்றதும் மனம் வேறு அறைக்கு வழுக்கிப் போனது. போகவேண்டாம் என்று நினைத்தான், அதற்குள் போய்விட்டது. பெரிய வீட்டுக் கொய்யா மரம். லெனினுக்கு எட்டு வயது, இவனுக்குப் பதினொன்று. கதிரடிப்புக்கு வந்த அப்பன்மார்கள் களத்தில் நிற்க, இரண்டு பேரையும் சாக்கு வாங்கிவர உள்ளே அனுப்பினார்கள். கிழவர் செம்பராயர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். லெனின் நேராகப் போய், "தாத்தா, சாக்கு குடுங்க" என்றான். அது ஒன்றும் அந்தக் காலம் இல்லை. ஊருக்கு செல்போன் வந்துவிட்டிருந்தது. கிழவர் கோபப்படவில்லை. லெனினின் அப்பா கோவிந்தனைக் கூப்பிட்டு, சிரித்துக்கொண்டே, "ஓம் பையன் என்னைய ஒங்கப்பன் ஆக்கிட்டானேடா. சொல்லிக் குடுக்கலையா?" என்றார். கோவிந்தன் மகனை அறைந்தார். "ஆண்டேன்னு சொல்லு." சொல்லவில்லை. மறுபடியும் அறைந்தார். உதடு பல்லில் குத்திக் கிழிந்தது, ரத்தம் தாடையில் இறங்கியது, பையன் கிழவரையே பார்த்துக்கொண்டு வாயை இறுக்கிக்கொண்டு நின்றான். கோவிந்தன்தான் அழுதார். அடித்துக்கொண்டே அழுதார். அப்போது கிழவர் பார்வை தென்னவன் பக்கம் திரும்பியது. திரும்பியது மட்டும்தான், ஒன்றும் கேட்கவில்லை. தென்னவன் சொன்னான், "சாக்கு குடுங்க ஆண்டே." எவ்வளவு சுலபமாக வந்தது. கிழவர் மரத்திலிருந்து ஒரு கொய்யாவைப் பறிக்கச் சொல்லி அவன் கையில் போட்டார். வழியில் லெனினுக்குப் பாதி கொடுத்தான். லெனின் ரத்த வாயோடு வாங்கித் தின்றான், பிறகு, "நீ எனக்காவத்தானண்ணே சொன்ன? அடிய நிறுத்தத்தான?" என்றான். ஆமாம் என்றான் தென்னவன். அதிலிருந்து லெனின் அவன் பின்னாலேயே வந்தான். அதே பள்ளி, அதே கல்லூரி, அதே ஒரகடம், இப்போது இங்கே. எதற்காக இவ்வளவு தூரம் என் பின்னால் வரவேண்டும்? உலகத்தில் வேறு நாடு இல்லையா, வேறு ஆலை இல்லையா? நாய்க்குட்டி மாதிரி. அந்தப் பெரிய பல், அந்தச் சிரிப்பு. அவன் உதட்டில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, சிரித்தால் வெள்ளையாக இழுக்கும். அந்தத் தழும்பை ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில் எதிரே வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். திடீரென்று தென்னவனுக்கு அவன்மேல் வெறுப்பு வந்தது. தெளிவான, சுத்தமான வெறுப்பு, குளித்துவிட்டு வந்த மாதிரி. வந்த வேகத்தில் போய்விடும் என்று காத்திருந்தான். போகவில்லை, அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு கணக்குப் போட ஆரம்பித்தது. சனிக்கிழமை. ஆலை அலுவலகம் மூடியிருக்கிறது. இட்செல் உறவுக்காரர் வீட்டு ஞானஸ்நானத்துக்குப் போயிருக்கிறாள். ரகுபதி சார் தலைநகரத்தில். இந்த ஒரு எண்தான். ஓடுபாதையோரம் ஹூஸ்டனுக்குத் திரும்புகிற விமானத்துக்குப் பெட்டிகள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி வழியே தெரிந்தது. அவனுக்கு ஒன்றும் ஆகாது. அடிக்கவா போகிறார்கள். ஒரகடத்தில் வேலை அப்படியே இருக்கும். இருக்குமா? பாஸ்போர்ட்டில் முத்திரை விழும், இன்னொரு நாடு சேர்க்காது, முதல் பயணத்திலேயே திரும்பியவன் என்று ஆலையில் பேர் ஆகும். கோவிந்தன் சித்தப்பா இந்நேரம் தெருவில் எல்லோருக்கும் சொல்லியிருப்பார், எம் மவன் இறங்கிட்டான், அண்ணன்காரன் வாசல்லயே நிக்கிறான். நிற்கிறேன். வாசலில்தான் நிற்கிறேன்.

"உன் ஆள் இன்னும் வரலையா?" பலூன் அம்மாள் மகனை விட்டுவிட்டு அவன் பக்கம் வந்தாள், கண்ணைத் துடைத்தபடி. "கறுப்பா? கறுப்பா இருந்தா நிறுத்துவாங்க தம்பி. எங்க மலைக்காரங்களையே நீ எந்த நாடுன்னு கேப்பாங்க. நீ போய் அந்தக் கதவுகிட்ட சொல்லேன், என் ஆளுன்னு." என் ஆள். அவ்வளவு சுலபம். நாலு எட்டு நடந்தால் கதவு. அதில் ஒரு இளம் சிப்பாய் பொட்டலம் பிரித்து மாங்காய்ப் பொடி மிட்டாய் தின்றுகொண்டிருந்தான், பார்க்கவே பாவமாக இருந்தான். போய்ச் சொல்லலாம். சொன்னால் லெனின் வருவான், கட்டிப்பிடிப்பான், பிறகு குனிந்து சட்டையைப் படிப்பான். சொல்லிவிடலாமே அவனிடம், டேய், இப்படி ஆகிப்போச்சு, யாருகிட்டயும் சொல்லாத. சொல்ல மாட்டான். அதுதான் தாங்க முடியாதது. அண்ணன் சொன்னால் லெனின் வாயை இறுக்கிக்கொள்வான், எட்டு வயதில் இறுக்கிக்கொண்ட மாதிரி, ஆலையில் தனியே உட்கார்ந்து சாப்பிடுவான், ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எங்கே போகிறான் என்று கேட்காமல் இருப்பான், எனக்காவத்தானண்ணே என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வான். காட்டிக்கொடுப்பான் என்பது இல்லை பயம். காப்பாற்றுவான் என்பது. வலது பையில் போன் அடித்தது. இது அதிரவில்லை; ஆலைப் போன், உரக்க அடித்தது, கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பலகையை இடுக்கிக்கொண்டு எடுத்தான். "இன்ஹெனியேரோ செம்பராயர்?" பெண் குரல், நிதானமான, மரியாதையான குரல். "மாந்தே" என்றான். பழக்கம். "குடிவரவு அலுவலகத்திலிருந்து பேசுகிறேன். இங்கே லெனின் என்று ஒரு இளைஞர். அழகான பெயர், என் மைத்துனன் பெயரும் அதுதான். உங்கள் ஆலைக்கு வந்ததாகச் சொல்கிறார். ஆனால் உங்களைத் தெரியுமா என்று கேட்டால், தெரியாது என்கிறார்." அவள் பக்கத்தில் யாரிடமோ கேட்டு எழுத்துக்கூட்டுவது காதில் விழுந்தது. "தெனாவான். பாக்கிரியின் மகன். அவரைத்தான் தெரியுமாம். அப்படி ஒருவர் உங்களிடம் இருக்கிறாரா?" இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருஷத்தில் அப்பாவின் பெயரை இன்னொரு வாயிலிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை. முன்பின் தெரியாத ஒரு பெண், தப்பிவிடக்கூடாதென்று ஒவ்வொரு எழுத்தாக, பொறுப்போடு சொன்னாள். பெரிய வீட்டில் யாரும் அந்தப் பெயரை இவ்வளவு கவனமாகச் சொன்னதில்லை. சீ என்றால் ஆமாம். ஸ்பானிஷில் அவன் முதலில் கற்றுக்கொண்ட சொல். நாக்கு அதற்குத் தயாராகப் பல்லுக்குப் பின்னால் போய் நின்றுகூட விட்டது. "இல்லை" என்றான். "அப்படி யாரும் இல்லை."

"நிச்சயமாகவா? பாவம், ரொம்ப உறுதியாகச் சொல்கிறார். ஒரு நிமிடம், அவரே பேசட்டும்." வேண்டாம் என்று சொல்வதற்குள் காற்றின் ஒலி மாறியது. "சார், வணக்கம் சார்." லெனின். இவ்வளவு கிட்டத்தில், ஒரு சுவருக்கு அப்பால். "தமிழ்தானே சார் நீங்க? பேர வச்சுத்தான் கேக்குறேன். ஒங்கள எனக்குத் தெரியலன்னுட்டேன் சார், பொய் சொல்லக் கூடாதுல்ல, அதான் இவங்களுக்குச் சந்தேகமாப் போச்சு. தென்னவன்னு ஒரு அண்ணன் சார், ஒங்க ஆலைதான், பக்கிரி மகன். வெளியதான் நிப்பாரு, செவப்பா ஒரு பையி வச்சிருப்பாரு. போன எடுக்க மாட்டேங்குறாரு, வண்டி ஓட்டிக்கிட்டு வர்றாரோ என்னமோ. அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க சார், புண்ணியமாப் போவும்." தோளில் சிவப்புப் பை கனத்தது. ஒரகடத்தில் சேர்ந்த அன்று லெனின் வாங்கிக் கொடுத்தது. வெளியேயிருந்து இறைச்சி வறுக்கிற புகை வந்தது, யாரோ குழந்தையை அதட்டினார்கள், ஓடுபாதையோரம் விமானத்தின் படியை இன்னும் எடுக்கவில்லை. தென்னவன் தொண்டையைச் செருமிக்கொள்ளாமல், ஆலைத் தளத்தில் பேசுகிற கனத்த குரலில், ஸ்பானிஷில் சொன்னான்: "எகிவொகாதோ." தவறான எண். அந்தப் பக்கம் மூச்சு நின்றது. "அண்ணே?" தென்னவன் போனைக் காதோடு அழுத்தினான். "அண்ணே, நீங்களா?" சந்தோஷமாகத்தான் கேட்டான்; இருட்டில் கைக்கு ஆள் அகப்பட்ட சந்தோஷம். "எகிவொகாதோ, செஞோர்" என்றான் மறுபடியும், ஐயா என்று சேர்த்து, இந்தத் தடவை இன்னும் நன்றாக வந்தது, உள்ளூர்க்காரன் சொல்கிற மாதிரியே. பிறகு ஒரு மௌனம். அந்த மௌனத்துக்குள் லெனின் ஒவ்வொன்றாகச் சேர்த்துவைப்பது அவனுக்குக் கேட்டது. எண், பெயர், எடுக்காத போன், இந்தக் குரல். எல்லாவற்றையும் சேர்த்த பிறகு சிரிப்பான் என்று எதிர்பார்த்தான். சிரித்திருந்தால் போதும். "சரிங்க ஆண்டே" என்றான் லெனின். பல்லைக் கடித்துச் சொல்லவில்லை, கிண்டலும் இல்லை. களத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அப்பன்மார்கள் சொல்கிற அதே பணிவில், அதே இழுவையில், உதடு கிழிந்தபோதும் சொல்லாத வார்த்தையைச் சொல்லிவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்து, அந்தப் பெண்ணிடம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நிதானமாகச் சொல்வது கேட்டது: இவர் வேறு ஆள், மேடம். என் தப்புதான். நான் சொன்னவர் இல்லை.

"தொந்தரவுக்கு மன்னியுங்கள், இன்ஹெனியேரோ" என்றாள் அவள். "அப்படியானால் வந்த விமானத்திலேயே இவரை ஏற்றிவிடுகிறோம்." "உங்கள் சேவைக்கு" என்றான் அவன், இங்கே எல்லோரும் சொல்வது போல. போனை வலது பையில் போட்டான். இடது பை அதிரவில்லை. அதிரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு கை வலிக்கவே பலகையைக் கீழே இறக்கினான், இனி மறைக்க ஒன்றும் இல்லை. அக்கார்டியன்காரனுக்குக் கூலி கொடுத்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் அப்போதுதான் அவன் சட்டையைப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்தாள். "செம்-ப-ரா-யார். எவ்வளவு அழகான பேரு! உங்க அப்பாவோடதா, தம்பி?"

"ஆமாம்" என்றான் தென்னவன்.